மொசூலில் 25,000 வீரர்கள் இருந்தார்களா?

பெரம்பூரில் எங்கள் குடியிருப்போர் சங்க வாட்ஸ்அப் குழுவுக்கு நேற்று ஒரு செய்தி வந்தது: “2014 ஜூனில் ஈராக்கின் மொசூல் நகரில் 25,000 வீரர்கள் இருந்தும், ஐஎஸ் தீவிரவாதிகளுக்குப் பயந்து ஓடிவிட்டார்கள்.”

25,000 என்பது காவலர்களையும் சேர்த்து ஏட்டில் இருந்த கணக்கு. நகரில் உண்மையாக இருந்தவர்கள் அதிகபட்சம் 10,000 பேர்தான் என்று அங்குள்ள அதிகாரிகளே ராய்ட்டர்ஸிடம் கூறினார்கள். அதே ஆண்டு நவம்பர் 30 அன்று, ராணுவத்தின் நான்கு டிவிஷன்களில் (பெரிய படைப்பிரிவுகளில்) மட்டும் 50,000 போலிப் பெயர்கள் சிக்கியதாக அப்போதைய ஈராக் பிரதமர் ஹைதர் அல் அபாதி நாடாளுமன்றத்தில் அறிவித்தார்.

சிலர் பெயரளவில் மட்டுமே வீரர்கள். சிலர் சம்பளத்தில் ஒரு பங்கை மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருந்தவர்கள். வராத ஆளுக்கும் மஸ்டர் ரோலில் கைநாட்டு வைத்துக் கூலி எடுப்பார்களே, அதே வித்தைதான். அங்கே காலியாகக் கிடந்தது காவல்சாவடி. மூத்த தளபதிகள் நகரைவிட்டு வெளியேறியது உண்மை. அதற்காகக் கடைநிலைச் சிப்பாயைக் கோழை என்பது அநியாயம்.

அபாதியின் அறிவிப்பை அந்த வாரத்து பிபிசி, ராய்ட்டர்ஸ் செய்திகளில் பார்க்கலாம். குழுவுக்கு வந்த அந்த வாட்ஸ்அப் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். அனுப்பியவர்கள் தயவுசெய்து நீக்கிவிடுங்கள்.