பொறுமையைப் பற்றி எங்களுக்குப் பாடம் வேண்டாம்

ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டை திரையிடலில் நடந்தது இங்கே பலருக்கும் தெரியும். பாதிப் படத்தில் கொஞ்சம் பேர் எழுந்து போனார்கள். லைட் போட்டதும் மைக் பிடித்தவர் சொன்னார்: "மெதுவான சினிமா பார்க்கப் பயிற்சி வேண்டும். இந்த ஏரியா மக்களுக்கு அந்தப் பொறுமை இன்னும் வரவில்லை." ரெண்டு நாளாகியும் அந்தப் பேச்சை என்னால் விழுங்க முடியவில்லை.

போட்ட படம் சோபியா கொப்போலாவின் 'சம்வேர்'. 2010-ல் வெனிஸ் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கச் சிங்கம் வாங்கியது. ஒரு ஹாலிவுட் நடிகன் ஓட்டல் அறையில் குடியிருக்கிறான். காசு, கார், பெண்கள் எல்லாம் உண்டு, எதிலும் மனசு ஒட்டவில்லை. முதல் ஷாட்டில் கேமரா அசையாமல் நிற்க, கறுப்பு ஃபெராரி ஒன்று வட்டமடித்துக்கொண்டே இருக்கிறது. இவன் வாழ்க்கை ஒரே இடத்தைச் சுற்றுகிறது என்பது ரெண்டாவது சுற்றிலேயே புரிந்துவிடுகிறது. மிச்சச் சுற்றுகளில் கண்ணுக்குப் புதிதாக என்ன கிடைக்கிறது? மெதுவாக எடுப்பது குற்றமே இல்லை. ஷாட்டை நீட்டினால் அந்த நீளத்துக்குள் பார்க்கிறவனுக்கு வேலை இருக்கணும். நான் சொல்வது இவ்வளவுதான்.

மெதுவுக்கு மெது என்றால் சாந்தல் அகெர்மானின் 'ழான் டீல்மான்' (1975) இருக்கிறது. 201 நிமிடம். ஒரு பெண் மூன்று நாள் வீட்டு வேலை செய்கிறாள். உருளைக்கிழங்கு தோல் சீவுவதைக்கூட வெட்டாமல் காட்டுவார்கள். முதல் நாள் எல்லாம் ஒழுங்கு: சட்டியை எப்போது இறக்குகிறாள், எந்த விளக்கை எப்போது அணைக்கிறாள் என்று நம் கண் கணக்கு எடுத்துவிடும். ரெண்டாம் நாள் கிழங்கு குழைந்துபோகிறது. சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே கொட்டுவது என்று தெரியாமல் நிற்கிறாள். முதல் நாளை அத்தனை நேரம் காட்டாமல் இருந்திருந்தால் குழைந்த கிழங்கு நமக்கு வெறும் கிழங்குதான். நேரம் அங்கே வேலை செய்கிறது.

நீண்ட ஷாட் எங்கே செத்துப்போகிறது என்பது எடிட்டிங் டேபிளில் உட்கார்ந்த யாருக்கும் தெரியும். ஃபிரேமில் ஒரே ஆள், பின்னால் வெறும் சுவர், வெளிச்சம் மாறாது, வெளியிலிருந்து சத்தம் வராது. அந்த ஷாட்டைப் பத்து செகண்டுக்கு மேல் வைத்தால் கண் திரையை விட்டு இறங்கி முன் சீட்டுக்காரர் தலைக்குப் போய்விடும். ஒரு கதவை ஒருக்களித்துத் திறந்து வையுங்கள். பக்கத்து அறையில் யாரோ பேசும் சத்தத்தைக் கொடுங்கள். யாரும் உள்ளே வரவே வேண்டாம், கண் அந்த இடுக்கிலேயே நிற்கும்.

35 எம்எம் ஃபிலிம் காலத்தில் ஆயிரம் அடிச் சுருள் கொண்ட மேகசினை கேமராவில் போட்டால் 11 நிமிடம்தான் ஓடும், நிமிடத்துக்கு 90 அடி. ஓடுகிற ஒவ்வொரு அடியும் காசு. அதனால் ஒத்திகை பார்த்து, எந்த நொடியில் எது நடக்கணும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் கேமராவை ஓட்டினார்கள். இப்போது டிஜிட்டல் கேமரா, மெமரி கார்டு நிறைகிற வரைக்கும் ஓடுகிறது, ஒத்திகை குறைந்துவிட்டது. அந்த நீளத்துக்கு ஆழம் என்று பெயர் வைத்து நம் தலையில் கட்டுகிறார்கள்.

"வெறுமையைக் காட்ட வெறுமையாகத்தான் எடுக்கணும்" என்று கமெண்டில் ஒரு தோழர். தோழர், அதே 'சம்வேர்' படத்தில் மேக்கப்காரர்கள் அவன் தலை முழுக்கச் சாந்து பூசிக் காயவிட்டுப் போகிற இடம் இருக்கிறதே, மூக்குத் துவாரம் மட்டும்தான் வெளியே. கேமரா மெல்ல மெல்லக் கிட்டே போகிறது, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது. அந்த ஷாட்டில் ஹாலில் ஒருத்தர்கூட அசையவில்லை. எழுந்து போனதாகச் சொல்கிறீர்களே, அவர்களும் அப்போது உட்கார்ந்துதான் இருந்தார்கள். மூச்சு அடுத்து வருமா என்று கேட்டுக்கொண்டே இருந்தோம், அதுதான் எங்களுக்குக் கிடைத்த வேலை.

"நடிகனுக்குத் துக்கம் இருக்கக்கூடாதா?" என்பார்கள். தாராளமாக இருக்கட்டும். சத்யஜித் ராயின் 'நாயக்' (1966) பாருங்கள். உத்தம் குமார்தான் ஸ்டார், கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு விருது வாங்க ரயிலில் போகிறான். சலிப்பும் பயமும் குற்ற உணர்ச்சியும் இவனுக்கும் உண்டு. ஆனால் எதிர் சீட்டில் ஆள் இருக்கிறது, கேள்வி கேட்கப் பத்திரிகைக்காரி இருக்கிறாள், அவள் கையில் குறிப்பு இருக்கிறது. கனவில் ரூபாய் நோட்டுக் குவியலுக்குள் புதைகிறான். கடைசியில் அவள் அந்தக் குறிப்பைக் கிழித்துப் போடும்போது ஒரு மனுஷன் தப்பித்த மாதிரி இருக்கும். ஓட்டல் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவனிடம் யாராவது ஒரு கேள்வி கேட்டால்தானே நமக்கு அவனைத் தெரியும்?

"ரசனை வளரணும்" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

நட்சத்திரம் விழுந்த கதையை எங்களுக்கு வெளியூரிலிருந்துதான் கொண்டுவரணுமா? எம்.கே. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வந்து, மூன்று தீபாவளி பார்த்தது இங்கே பிராட்வே தியேட்டரில். படம் வந்து ஒரு மாதம் ஆகவில்லை, சினிமாக்காரர்களைப் பற்றிக் கிசுகிசு எழுதிய பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் வேப்பேரியில் குத்துப்பட்டுச் செத்தார். அந்த வழக்கில் பாகவதர் கைதானார். கதாநாயகன் சிறைக்குள்ளே, வெளியே அதே ஆளைப் பார்க்க டிக்கெட்டுக்கு வரிசை. வழக்கு அன்றைய கடைசி மேல்முறையீட்டு இடமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947-ல் அவர் விடுதலையாகி வந்தபோது பழைய கூட்டம் இல்லை. 1959-ல் போய்விட்டார், ஐம்பது வயதுகூட ஆகவில்லை. இதை எடுங்கள். எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் எடுங்கள், மூன்று மணி நேரம் உட்காருகிறோம்.

எங்களுக்குப் பொறுமை இல்லையாம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஹார்பர் கேட்டுக்காக கன்டெய்னர் லாரியில் ராத்திரி முழுக்கக் காத்துக்கிடக்கிற டிரைவரிடம் போய் இதைச் சொல்லுங்கள். காசிமேட்டில் கிழிந்த வலையைக் கண்ணி கண்ணியாக எடுத்துக் கட்டுகிறவரிடம் சொல்லுங்கள். சாவு வீட்டு வாசலில் விடிய விடிய மரண கானா கேட்கிற ஊர் இது. ஒரே ஆளைப் பற்றி, ஒரே மெட்டில், மணிக்கணக்கில் பாடுவார்கள், ஒருத்தரும் எழுந்து போவதில்லை. ஏனென்றால் ஒவ்வொரு வரியிலும் செத்தவரின் வாழ்க்கையிலிருந்து இன்னொரு சங்கதி வரும்.

ஏற்பாடு செய்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மாதிரிப் படத்தில் பாதி உயிர் சின்னச் சின்னச் சத்தத்தில் இருக்கிறது: ஏசி ஓடுவது, நடைபாதையில் காலடி, தூரத்துச் சிரிப்பு. நீங்கள் லேப்டாப்பிலிருந்து ஒரே ஸ்பீக்கருக்கு வயர் இழுத்து, மேலே ஆறு ஃபேனையும் முழு வேகத்தில் விட்டிருந்தீர்கள். அந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளைச் சுவரில் வெள்ளை சப்டைட்டில், அதுவும் ஆங்கிலத்தில், கீழ் வரி முன்னால் இருப்பவர் தலைக்குப் பின்னால். எழுந்து போனவர்களில் ரெண்டு பேர் கடைசி வரிசைப் பாட்டிமார்கள். அவர்களுக்குப் படம் போய்ச் சேரவே இல்லை.

அடுத்த மாதம் 'நாயக்' போடுங்கள். ஸ்பீக்கர் ரெண்டு, திரைக்கு ரெண்டு பக்கமும், காது உயரத்தில். பக்கவாட்டு ஃபேன் மட்டும் போதும். சப்டைட்டிலை மஞ்சளாக மாற்றி, ஃபிரேமில் கொஞ்சம் மேலே ஏற்றி வையுங்கள். தமிழ் சப்டைட்டில் கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், எழுதித் தர இங்கே ஆள் இருக்கிறது. அந்தப் பாட்டிமார்களுக்கு முன் வரிசையில் நாற்காலி போட்டு வைக்கிறோம்.