சைட் அடிப்பது வேறு, வேடிக்கை பார்ப்பது வேறு

கல்லூரி கேன்டீனில் ஒரு காபியை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி நம் ஊரில் இரண்டே தீர்ப்புதான். ஒன்று, வேலைவெட்டி இல்லாதவர். இல்லையென்றால் சைட் அடிக்கிறவர். சமூகவியல் படிக்கிற பிள்ளைகளே கூட, களப்பணி என்றால் கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு கிராமத்துக்குப் போவது என்றுதான் நினைக்கிறார்கள். கண்ணெதிரே இருக்கிற கேன்டீன் அவர்களுக்குக் களமாகவே படுவதில்லை.

இங்கிலாந்தில் உளவியலாளர் ராபின் டன்பாரும் அவருடைய குழுவினரும் 1990களில் பல்கலைக்கழக உணவகம் போன்ற இடங்களில் உட்கார்ந்து பார்த்தே ஆய்வு செய்திருக்கிறார்கள். ஒரே பேச்சில் எத்தனை பேர் தங்க முடியும் என்று எண்ணினார்கள். சுமார் நாலு. ஐந்தாவது ஆள் வந்து உட்கார்ந்ததும் பேச்சு இரண்டாகப் பிரியத் தொடங்கும். நீங்களே பார்க்கலாம், கடிகாரம் கூடத் தேவையில்லை. இன்னொரு ஆய்வில் 30 விநாடிக்கு ஒருமுறை, இப்போது எதைப் பற்றிப் பேச்சு ஓடுகிறது என்று மட்டும் குறித்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மனிதர்களைப் பற்றியும் உறவுகளைப் பற்றியும்தான். பாடம், அரசியல் எல்லாம் மிச்சத்தில். ஊர்வம்பு என்று நாம் திட்டுவது, பேச்சின் பெரும்பகுதி.

இப்படி உட்கார்ந்து கவனிப்பதைச் செய்து பார்க்க நினைப்பவர்கள் முதலில் இடத்தைப் பிடியுங்கள். வாசலுக்கு நேர் எதிரே வேண்டாம், உள்ளே வருகிற ஒவ்வொருவரும் உங்கள் கண்ணைத்தான் முதலில் சந்திப்பார்கள். சுவரோரம் சாய்ந்து, டோக்கன் கவுண்டர் பக்கவாட்டில் தெரிகிற மாதிரி உட்காருங்கள். இடைவேளைக்கு 15 நிமிடம் முன்பே போய்விட வேண்டும். பெல் அடித்த பிறகு போனால் கூட்டம்தான் தெரியும், கூட்டம் எப்படிச் சேர்ந்தது என்பது தெரியாது.

தாளில் கேன்டீனின் வரைபடம் ஒன்று: மேஜைகள், மின்விசிறிகள், பிளக் பாயின்ட், கை கழுவும் இடம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து தொடங்கி, எந்த மேஜையில் எத்தனை பேர் என்று எண்ணிப் போடுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் நாலைந்து நாள் தாள்களை அடுக்கிப் பார்த்தால், நட்புக் கூட்டத்தின் ‘நிரந்தர இடம்’ என்று நினைத்தது உண்மையில் ஃபேனுக்கு அடியிலோ சார்ஜர் பக்கத்திலோ இருப்பது புரியும். கரண்ட் போன நாள் கிடைத்தால் விடாதீர்கள். அன்றைக்கும் அதே மேஜைக்கே வருகிறார்களா என்பதுதான் சோதனை.

பெரும்பாலோர் சறுக்குவது எழுதுகிற இடத்தில். ‘இரண்டு காதலர்கள் சண்டை போட்டார்கள்’ என்று எழுதுவார்கள். பார்த்தது என்ன? ஒரு பையன், ஒரு பெண், எதிரெதிரே, 12 நிமிடம், இருவர் கையிலும் போன், பேச்சு குறைவு. அண்ணன் தங்கையாக இருக்கலாம். ப்ராஜெக்ட் பார்ட்னராக இருக்கலாம். இணைய வேகமே குறைவாக இருந்திருக்கலாம். தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் கண்டது, வலப்பக்கம் ஊகம் என்று வையுங்கள். முதல் வாரத்தில் வலப்பக்கம்தான் நிறையும். வெட்கப்பட வேண்டாம், அழிக்கவும் வேண்டாம்.

புத்தகத்து அளவுகளையும் அப்படியே தூக்கிவராதீர்கள். நெருக்கமானவர்களுக்கு இடையே 45 சென்டிமீட்டருக்குள், பழகியவர்களுக்கு இடையே 1.2 மீட்டர் வரை இடைவெளி என்று மானுடவியலாளர் எட்வர்ட் ஹால் சொன்னது அமெரிக்க வடகிழக்குக் கடற்கரை நடுத்தர வர்க்கத்தைப் பார்த்து. நாலு பேர் பெஞ்சில் ஆறு பேர் இடித்துக்கொண்டு உட்காரும் ஊரில் தோள் உரசுவதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. அதைவிட, பணம் யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். கியூஆர் அட்டைக்கு முன் மூன்று போன்கள் ஒரே நேரத்தில் நீளும், ஒன்று மட்டும் ஸ்கேன் செய்யும். நாலு நாளும் அதே போனா, முறைவைத்து மாறுகிறதா? காலி டம்ளர்களை எடுத்துப் போய் வைப்பது யார்? ஒரு கூட்டத்தில் யார் சீனியர், யார் ஒட்டிக்கொண்டு வந்தவர் என்பதற்கு இதைவிட நல்ல தடயம் எனக்குத் தெரிந்து இல்லை.

போட்டோ எடுக்கக் கூடாது. பேர் எழுதக் கூடாது. ஒருவரையே திரும்பத் திரும்பப் பார்த்தால் அது எண்ணிக்கை இல்லை, சைட்தான். குறிப்பாகப் பெண்கள் மேஜை. அவர்கள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டோ நாற்காலியைத் திருப்பிப் போட்டோ உட்கார்ந்தால், உங்கள் பார்வை ஏற்கெனவே அந்த மேஜையை மாற்றிவிட்டது என்று அர்த்தம். அன்றைய தாளில் அந்த மேஜையை அடித்துவிட்டு வேறு பக்கம் திரும்புங்கள்.

அடுத்த பெல் அடித்ததும் எழுந்துவிடாதீர்கள், இன்னும் 10 நிமிடம். வகுப்புக்குப் போகாமல் மிஞ்சுகிறவர்கள் அப்போதுதான் தெரிவார்கள். இரண்டாவது காபி ஒன்றும் வாங்கிவிடுங்கள். ஒரே டம்ளருக்கு ஒரு மணி நேரம் மேஜையைப் பிடித்திருப்பவரை, கவுண்டரில் இருப்பவரும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்.