மலேசியாவில் ஏதம்மா கோடை?

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட பினாங்கு கொடிமலைப் படங்களுக்குக் கீழே நடந்த கூத்தைப் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் இப்போது போய்த் தேட வேண்டாம், பாதியை அதை எழுதிய அண்ணனே அழித்துவிட்டார். என் தங்கை அதற்குள் படம் பிடித்துக் குடும்பப் புலன (வாட்ஸ்அப்) குழுவில் போட்டுவிட்டாள். போடாமலே இருந்திருக்கலாம்.

"அம்மாவும் நானும். கோடை உலா, முதல் நாள்." இதுதான் நான் எழுதியது. அண்ணன் வந்துவிட்டார். "மலேசியாவில் ஏதம்மா கோடை? பினாங்குக்காரன் எவனாவது டிக்கெட் வாங்கிக் கொடிமலைக்குப் போவானா? மாட் சாலே (வெள்ளைக்காரன்) ஊரில் இருந்துவிட்டு வந்தால் சொந்த ஊரும் சுற்றுலாத் தலம் ஆகிவிடும் போலிருக்கிறது." கீழே 63 சிரிக்கும் முகங்கள். ஆமாம், உட்கார்ந்து எண்ணினேன். அதில் இரண்டு பேர் என் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள்.

பதிலை அங்கேயே எழுதத்தான் தொடங்கினேன். எழுதி எழுதி அழித்தேன். நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கோடை. சரி அண்ணா, ஒப்புக்கொள்கிறேன், இங்கே கோடை கிடையாது. பள்ளியில் நானும் படித்தேன், வருஷம் முழுக்க ஒரே வெயில், அவ்வப்போது மழை. ஆனால் 12 வருஷம் மான்செஸ்டரில் இருந்த உடம்புக்கு ஜூன் மாதம் வந்தால் ஒன்று செய்யும். அங்கே டிசம்பரில் மாலை நாலு மணிக்குள் இருட்டிவிடும். ஜூனில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். நடுவில் ஒரு நாள் வெயில் அடித்தால் போதும், ஊரே வாசலுக்கு வந்துவிடும். பூங்காவில் புல் தெரியாது, அவ்வளவு பேர் படுத்துக் கிடப்பார்கள். என் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருத்தி, எழுபத்தெட்டு வயது, கதவைத் தட்டி, "வெயில் அடிக்கிறது, நீ உள்ளே உட்கார்ந்து என்ன செய்கிறாய்?" என்று அதட்டுவாள். ஒரு தடவை அவளோடு பிளாக்பூல் கடற்கரைக்குப் போனேன். போய்ச் சேர்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. பாட்டி அசரவில்லை. காரை விட்டு இறங்காமல், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, ஃபிளாஸ்கில் கொண்டுவந்த தேநீரைக் குடித்தபடி சாம்பல் நிறக் கடலை ஒரு மணி நேரம் பார்த்தாள். திரும்பும்போது "நல்ல நாள்" என்றாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே சொன்னாள்.

எனக்கு அன்றைக்கு எங்கள் பினாங்கின் பத்து ஃபிரிங்கிக் கடற்கரை ஞாபகம் வந்தது. பினாங்கில் பிறந்து, 28 வயது வரை அங்கேயே வளர்ந்து, அந்தக் கடலை ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்த்ததே இல்லை. வெயில், கறுத்துப் போவாய், தலைவலி வரும், ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்க வேண்டும். 365 நாளும் கோடை என்பதாலேயே ஒரு நாளும் கோடை இல்லாமல் போயிற்று. அதைத்தான் "கோடை உலா" என்று எழுதினேன். சொந்த ஊரைப் பார்க்கிறேன், அவ்வளவுதான். இதற்குக் கூடவா விளக்கம்?

அடுத்தது, பினாங்குக்காரன் டிக்கெட் வாங்குவானா என்ற கேள்வி. அண்ணன் போன டிசம்பரில் கேமரன் மலையிலிருந்து ஸ்ட்ராபெரித் தட்டோடு படம் போட்டார். அதற்கு முந்தைய வருஷம் ஊட்டியில் குதிரை மேல். நான் இரண்டுக்கும் இதயம் போட்டவள். ஐந்து மணி நேரம் காடி ஓட்டிப் போய்க் குளிர் பார்த்தால் அது குடும்பச் சுற்றுலா. ஆயர் ஈத்தாமிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் மலையில் ஏறினால் அது மாட் சாலே வேலை. இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை.

மலை நேற்று வந்ததா? அந்த ரயில் 1923இல் ஓடத் தொடங்கியது. உச்சியில் முருகன் கோயில் இருக்கிறது, பக்கத்திலேயே பள்ளிவாசல் இருக்கிறது. 2021இல் யுனெஸ்கோ அந்த மலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. இது எல்லாம் வெளிநாட்டானுக்கு மட்டும் என்று எழுதி வைத்திருக்கிறதா? மைகார்டை, அதாவது நம் அடையாள அட்டையை, காட்டினால் நமக்குத் தனிக் கட்டணம், மூத்தவர்களுக்கு இன்னும் குறைவு. நம்மை வரச் சொல்லித்தானே அந்த விலை?

டிக்கெட் விஷயத்தில் எனக்குக் கோபம் வந்ததற்கு வேறு காரணம் இருக்கிறது. என் அப்பாவைத் தெரிந்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். அப்பா சுற்றுலா வேன் ஓட்டினார், 26 வருஷம். காலையில் ஓட்டலில் ஆளை ஏற்றுவார். கொடிமலை அடிவாரம், கெக் லோக் சி புத்தர் கோயில், தாவரவியல் பூங்கா, பாம்புக் கோயில், தெலுக் பஹாங்கில் பாத்தேக் துணிக் கடை, மாலையில் திரும்ப ஓட்டல். ஒவ்வோர் இடத்திலும் அவர்களை இறக்கிவிட்டு, மர நிழலாகப் பார்த்து வேனை நிறுத்தி, தமிழ் நேசன் நாளிதழை விரித்துக்கொண்டு காத்திருப்பார். பினாங்கு முழுவதையும் வாசல் வரைக்கும் பார்த்த மனிதர் அவர்.

நான் நாலாம் வகுப்பில் பள்ளியோடு கொடிமலைக்குப் போனேன். அப்போது பழைய வண்டி, மெதுவாக ஏறும், நடுவில் ஒரு நிலையத்தில் இறங்கி அடுத்த வண்டிக்கு மாற வேண்டும். அடிவாரத்தில் அப்பா வேனோடு நின்றுகொண்டிருந்தார், வேறு யாருக்காகவோ. என்னைப் பார்த்துக் கையசைத்தார். "நீங்களும் வாங்கப்பா" என்றேன். "மேல என்னம்மா இருக்கு, குளிரும், அவ்ளோதான்" என்றார். 26 வருஷத்தில் அவர் ஒரு முறை கூட ஏறவில்லை. பினாங்குக்காரன் ஏறுவானா என்று கேட்டீர்களே அண்ணா, இதோ ஒருவர் ஏறவில்லை. சந்தோஷமா?

இப்போது மற்றவர்களுக்கு.

செலவு அதிகம், எல்லோராலும் முடியாது என்று ஒரு தங்கை எழுதியிருந்தாள். நியாயம். ஆனால் தாவரவியல் பூங்காவுக்குக் கட்டணமே இல்லை. நாகலிங்க மரம் பூத்திருந்தால் அதன் அடியில் நின்று பாருங்கள், அடிமரத்திலிருந்தே பூ தொங்கும். குரங்குக்கு மட்டும் எதையும் கொடுக்காதீர்கள்.

இன்னொருவர், உங்களைப் போல பவுண்டு கொண்டு வந்தவர்களால்தான் பினாங்குத் தலைநகர் ஜார்ஜ் டவுனில் வாடகை ஏறியது, பழைய கடைகளெல்லாம் கோப்பிக் கடையாக மாறின என்று எழுதினார். ஐயா, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, அவகாசம் முடிந்து 2000இல் வாடகை எகிறியபோது நான் ஐந்தாம் படிவம். பள்ளி முடிக்கும் எஸ்பிஎம் தேர்வுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். 2008இல் யுனெஸ்கோ பாரம்பரிய நகரமாக அறிவித்தபோது மாதம் ஆயிரத்து எண்ணூறு வெள்ளி (ரிங்கிட்) சம்பளத்தில் பாயான் லெப்பாஸில் வேலை. எந்தக் கடைவீட்டை நான் வாங்கினேன்? இருப்பது அம்மாவின் அடுக்குமாடி, மின்தூக்கி மாதத்தில் பாதி நாள் ஓடாது. ஊர் மாறியதில் எனக்கும்தான் வலி. நான் போகும்போது காடியை ஏற்றிக்கொண்டு போகும் பெரிய பெர்ரி இருந்தது. 2020 கடைசியோடு அது நின்றுபோனது, நான் அங்கே இருந்தபடி காணொளியில் பார்த்து அழுதேன். புதிய பெர்ரியில் ஆளும் மோட்டார் சைக்கிளும்தான். அதிலும் அம்மாவை அழைத்துப்போய், எதிர்க்கரை பட்டர்வொர்த்தில் தேநீர் குடித்துவிட்டு அடுத்த பெர்ரியில் திரும்பினோம். காரணம் ஒன்றும் இல்லை. பெர்ரியில் போவதற்காகப் பெர்ரியில் போனோம்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். போன வாரம் ஓர் ஐஸ் கச்சாங் (சீவிய பனிக்கட்டி இனிப்பு) கடையில் பையன் என்னைப் பார்த்து, "ஃபர்ஸ்ட் டைம் இன் பினாங்கு?" என்று கேட்டான். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முதுகுப் பை. அவனைக் குறை சொல்ல முடியாது. அம்மா சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வேர்க்கடலை வெளியே வந்துவிட்டது. எனக்கும் சிரிப்புதான் வந்தது, வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றும் வரை. அங்கே 12 வருஷம் "எந்த ஊர் நீ, நிஜமாக எந்த ஊர்?" என்று கேட்டார்கள். இங்கே வந்தால் இங்கேயும். அதனால்தான் அண்ணனின் நக்கல் சுருக்கென்று தைத்தது. அவர் சொன்னது பொய் என்பதால் மட்டும் இல்லை.

அப்புறம் அந்த அழித்த பாதி. அதைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

"அப்பா போனதுக்கே வரல, இப்ப அம்மாவக் கூட்டிக்கிட்டு ஊர் சுத்துறாங்க."

2021 ஜூலை. கொரோனாவால் எல்லை மூடியிருந்தது. குடிமக்கள் வரலாம், வந்தால் இரண்டு வாரம் ஓட்டல் அறையில் பூட்டி வைப்பார்கள். டிக்கெட் தேடினேன். வந்து இறங்கி, கோலாலம்பூரில் ஓர் அறையில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், பத்து மைல் தூரமாக இருந்தாலும் பத்தாயிரம் மைல் தூரமாக இருந்தாலும் அப்பாவுக்கு ஒன்றுதான். பத்து நிமிஷச் சடங்கு, தங்கை கைப்பேசியைப் பிடித்திருந்தாள், அவள் கை நடுங்கியதில் பாதி நேரம் எனக்குச் சிமெண்டுத் தரைதான் தெரிந்தது. அன்றைக்கு மான்செஸ்டரில் நல்ல வெயில். பாட்டி கதவைத் தட்டினாள். நான் திறக்கவில்லை. அண்ணனுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துதான் எழுதினார், அதனால்தான் அழித்தார். மன்னிப்பு கேட்டால் ஏற்றுக்கொள்வேனா என்று தங்கை கேட்கிறாள். முதலில் கேட்கட்டும்.

திரும்பி வந்த பிறகு அப்பாவின் அலமாரியில் ஒரு நோட்டுப் புத்தகம் கிடைத்தது, நீல அட்டை. அப்பா ஆங்கிலம் படித்தவர் இல்லை. சுற்றுலாப் பயணிகளிடம் சொல்ல வேண்டியதை யாரிடமோ கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தார். ஓர் இடத்துக்கு ஒரு பக்கம். முதல் பக்கம் கொடிமலை. "திஸ் டிரெயின் நைன்டீன் ட்வெண்டி த்ரீ, சார். அப் தேர் வெரி கூல். ப்ளீஸ் பிரிங் ஜாக்கெட். ஐ வெயிட் ஹியர்." கடைசி வாக்கியம் எல்லாப் பக்கத்திலும் இருக்கிறது.

அந்தப் புத்தகத்தின் வரிசைப்படிதான் அம்மாவும் நானும் போகிறோம். பெர்ரி மட்டும் நான் நடுவில் செருகியது. கொடிமலைக்கு அம்மா ஜாக்கெட் எடுத்துக்கொண்டார், நான் எப்போதோ அனுப்பி ஒரு நாளும் போடாத கம்பளிச் சட்டை, பாச்சை உருண்டை வாசம் வண்டி முழுக்க. எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் திரும்பி நின்று, சின்னதாகிக்கொண்டே போன அடிவாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போட்ட படங்களில் மூன்றாவது அதுதான். 63 பேரில் யாராவது அதைப் பார்த்தீர்களா என்று தெரியவில்லை.

வரும் ஞாயிறு பாம்புக் கோயில். நோட்டில் அந்தப் பக்கத்தில் அப்பா எழுதியிருப்பது: "ஸ்நேக் ஸ்லீப்பிங், மேடம். டோண்ட் டச். ஐ வெயிட் ஹியர்." அம்மாவுக்குப் பாம்பென்றால் பயம். தான் வாசலிலேயே உட்கார்ந்துகொள்வதாக இப்போதே சொல்லிவிட்டார். பார்க்கலாம். படம் போடுவேன். கோடை உலா என்றுதான் போடுவேன்.