புஸ்கெட்ஸ் எப்போது வேகமாக ஓடினார்?

2018 முதல் பார்சிலோனா கால்பந்து அணி பெரிய ஆட்டம் எதில் தோற்றாலும், பின்வரிசைக்கு முன்னால் நின்று ஆடும் அதன் தடுப்பு மிட்ஃபீல்டர் புஸ்கெட்ஸைப் பற்றி மறுநாள் பேச்சு ஒன்றாகத்தான் இருக்கும். "புஸ்கெட்ஸுக்கு வயசாகிவிட்டது, கால் நகரவில்லை, பெஞ்சில் உட்கார வையுங்கள்." ரோமாவிடம் 3-0, லிவர்பூலிடம் 4-0, லிஸ்பனில் பயர்னிடம் 8-2. எல்லாவற்றுக்கும் முதல் குற்றவாளி அவர்தான். அப்போதே எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். இப்போது அவர் ஆட்டத்தை விட்டே போய்விட்டார், இன்னமும் அதே பேச்சைக் கேட்கிறேன். அதனால் எழுதிவிடுகிறேன்.

செர்ஜியோ புஸ்கெட்ஸ் எப்போது வேகமாக ஓடினார்? இருபது வயதிலா? அப்போதும் இல்லை. ஒல்லியான, நெட்டையான உடம்பு. நீண்ட கால்களை அவசரமில்லாமல் எடுத்து வைப்பார். ஓட்டத்தில் மட்டும் மோதியிருந்தால் எதிரணி ஃபார்வர்டுகளில் பாதிப் பேரிடம் முதல் நாளே தோற்றிருப்பார்.

2008ஐ நினைத்துப் பாருங்கள். குவார்டியோலா புதுப் பயிற்சியாளர். ஸ்பெயின் லீக்கின் முதல் ஆட்டத்தில் நுமான்சியாவிடம் 1-0 தோல்வி. இரண்டாவது ஆட்டம் கேம்ப் நோவில், ரேசிங் சாந்தாந்தருக்கு எதிராக. அதற்கு முந்தைய வருடம் வரை நான்காம் நிலைப் போட்டிகளில் பார்சிலோனா 'பி' அணிக்கு ஆடிக்கொண்டிருந்த பையனை நடுகளத்தில் இறக்கினார். 1-1. இரண்டு ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளி. வேறு யாராக இருந்தாலும் பையனைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். குவார்டியோலா அனுப்பவில்லை, ஏனென்றால் தானே ஆடிய இடம் அது, அங்கே என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அந்த சீசன் முடிவில், 2009 மே மாதம், ரோமில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தை அந்தப் பையன் தொடங்கினான். அதே இடத்தில் ஆட யாயா தூரே மாதிரி ஒரு மலை அந்த அணியில் இருந்தார். அன்றைக்கு அவரைப் பின்வரிசையில் ஆட வைத்தார்கள். அடுத்த வருடம் அவர் மான்செஸ்டர் சிட்டிக்குப் போய்விட்டார்.

சரி, ஓட்டமில்லாத ஆளிடம் அப்படி என்ன இருந்தது? பந்து வருவதற்கு முன்னால் இருக்கும் அந்த அரை நொடி. அதற்குள் தலையை இரண்டு முறை திருப்பிப் பின்னால் யார் நிற்கிறார், எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்று பார்த்துவிடுவார். பந்து காலில் படும்போது முடிவு ஏற்கெனவே எடுத்தாயிற்று. உடம்பை ஒரு பக்கம் சாய்ப்பார், எதிராளி அந்தப் பக்கம் பாய்வான், பந்து மறு பக்கம் போயிருக்கும். நெருக்கடி அதிகமானால் உள்ளங்காலால் பந்தைப் பின்னுக்கு இழுத்து ஒரே திரும்பலில் வெளியே வந்துவிடுவார். எதிரணி எங்கே பாஸ் கொடுக்கப்போகிறது என்று முன்கூட்டியே கண்டு அங்கே போய் நின்றுவிடுவதால், பந்தைப் பிடுங்க அவர் துரத்த வேண்டியதே இல்லை. நாலு எட்டு போதும்.

அந்த நாலு எட்டு போதும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. அது அவர் ஒருவரால் மட்டும் முடிவதல்ல. 2009 முதல் 2011 வரையிலான பார்சிலோனாவில் பின்வரிசை நடுக்கோடு வரை ஏறி நிற்கும். மற்ற இரண்டு மிட்ஃபீல்டர்கள் ஷாவியும் இனியெஸ்டாவும் கூப்பிடு தூரத்தில் இருப்பார்கள். பந்து பறிபோன மறுநொடியே முன்வரிசை மூவரும் சேர்ந்து விரட்டுவார்கள். எதிராளி பதறிப்போய் அடிக்கும் பந்து நேராக புஸ்கெட்ஸ் நிற்கும் இடத்துக்கு வரும்.

அப்புறம் 2015ல் ஷாவி போனார், 2018ல் இனியெஸ்டா போனார். முன்வரிசைக்கு வயது ஏற ஏற விரட்டுவது குறைந்தது. பயந்துபோன பின்வரிசை கீழே இறங்கியது. நடுவில் ஒரு பெரிய மைதானமே காலியாகக் கிடந்தது, அதைக் காக்க ஒரே ஆள். எட்டு கோல் வாங்கிய அந்த இரவை மறுபடி போட்டுப் பாருங்கள். அவருக்கு முன்னாலும் பின்னாலும் எவ்வளவு வெட்டவெளி! அவர் வேகம் குறைந்ததை விட, அணி நீண்டுபோனதுதான் பெரிய விஷயம்.

வயதே ஆகவில்லை என்று சாதிக்க மாட்டேன், நிச்சயம் ஆனது. ஆனால் 2022-23 சீசனுக்கு என்ன பதில்? பயிற்சியாளராக வந்த ஷாவி, அவரைச் சுற்றி டி யோங், பெத்ரி, காவி என்று மூன்று மிட்ஃபீல்டர்களை நெருக்கமாக நிறுத்தினார். 38 லீக் ஆட்டங்களில் பார்சிலோனா வாங்கியது 20 கோல்கள்தான். லீக் கோப்பையும் வந்தது. பின்வரிசையில் அராவ்ஹோவுக்கும் கோல்கீப்பர் டெர் ஸ்டேகனுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நடுவில் நின்றது 34 வயதான அதே கால்கள்தானே? அதே சீசனில் சாம்பியன்ஸ் லீக்கில் பயர்னும் இண்டரும் ஆட்டத்தை அகலமாகத் திறந்துவிட்டபோது குழுச் சுற்றோடு வெளியேறினார்கள். இரண்டுமே என் பேச்சுக்குத்தான் சாட்சி.

இந்தக் குற்றச்சாட்டு பழையதும்கூட. 2010 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் ஸ்பெயின் சுவிட்சர்லாந்திடம் தோற்றதும், புஸ்கெட்ஸை எடுத்துவிட்டு இன்னொரு ஃபார்வர்டைப் போடச் சொன்னார்கள். பயிற்சியாளர் தெல் போஸ்கே அசையவில்லை. தான் மறுபடி ஆட்டக்காரனானால் புஸ்கெட்ஸ் மாதிரி இருக்கத்தான் விரும்புவேன் என்றார். நாக்-அவுட் ஆட்டங்கள் நான்கும் 1-0. தொடர் முழுவதும் ஸ்பெயின் வாங்கியது இரண்டே கோல்.

அவரிடம் எனக்குப் பிடிக்காததும் உண்டு. 2010 ஏப்ரலில் இண்டருக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் தியாகோ மோட்டாவின் கை பட்டதும் முகத்தை மூடிக்கொண்டு விழுந்தார், பிறகு விரல் இடுக்கில் எட்டிப் பார்த்தார். அது அசிங்கம். அதற்காக அவர்மேல் வந்த கோபம் நியாயமானது. 2022 உலகக் கோப்பையில் மொராக்கோவுக்கு எதிராகத் தவறவிட்ட பெனால்டிக்காக மட்டும் யாரும் திட்டாதீர்கள். மூன்று பேர் அடித்தார்கள், மூன்றும் போயிற்று.

பார்சிலோனாவுக்கு 722 ஆட்டங்கள், 18 கோல்கள். ஸ்பெயினுக்கு 143 ஆட்டங்கள், 2 கோல்கள். கடைசி ஆட்டம் 2025 டிசம்பரில் அமெரிக்காவின் இண்டர் மயாமிக்காக. வான்கூவரை 3-1 என்று வென்று அந்த நாட்டு லீக்கான எம்எல்எஸின் கோப்பையோடு முடித்தார். அப்போது இண்டர் மயாமியின் பயிற்சியாளர் ஹாவியேர் மஸ்கெரானோ. 2010ல் அர்ஜென்டினாவின் கேப்டனாக, உலகின் சிறந்த தடுப்பு மிட்ஃபீல்டர்களில் ஒருவராக பார்சிலோனாவுக்கு வந்தவர். அங்கே அந்த இடத்தில் புஸ்கெட்ஸ் இருந்ததால் சென்டர் பேக்காக மாறி எட்டு சீசன் ஆடினார். பதினைந்து வருடம் கழித்து அணியைத் தேர்வு செய்யும் உரிமை அவர் கைக்கு வந்தபோது, 37 வயது புஸ்கெட்ஸை அதே இடத்தில்தான் நிறுத்தினார்.