கரண்ட் போன வீடு

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் அக்கா மகள் வரைந்த படம் ஒன்று வந்தது. தாள் முழுக்கக் கறுப்பு, நடுவில் ஜன்னலே இல்லாத வீடு. ஐந்தே நிமிடத்தில் எங்கள் சித்தப்பா, "புள்ள மனசுல ஏதோ இருட்டு இருக்கு, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று எழுதிவிட்டார். அவளிடமே கேட்டேன். "கரண்ட் போன வீடு சித்தி" என்றாள்.

படத்தைக் கைரேகை மாதிரி பார்ப்பதில் படித்தவர்களும் சளைத்தவர்கள் இல்லை. 1967-இல் அமெரிக்காவில் உளவியலாளர்களான சாப்மன் தம்பதி, மனித உருவப் படங்களையும் நோய்க்குறிகளையும் சம்பந்தமே இல்லாமல் ஜோடி சேர்த்து மாணவர்களிடம் காட்டினார்கள். சந்தேகப் புத்திக்காரர்கள் கண்ணைப் பெரிதாக வரைகிறார்கள் என்று மாணவர்கள் 'கண்டுபிடித்தார்கள்'. அனுபவமுள்ள உளவியலாளர்கள் நம்பிக்கொண்டிருந்ததும் அதையேதான்! (நான் ஆள் வரைந்தால் கை எப்போதும் பாக்கெட்டுக்குள் இருக்கும். குற்ற உணர்ச்சி எல்லாம் இல்லை, விரல் வரைய வராது.)

சரி, படம் வரைய வைத்து மனசுக்குச் சிகிச்சை தரும் ஆர்ட் தெரபிஸ்ட் என்னதான் பார்க்கிறார்? மரத்திலிருந்து ஆப்பிள் பறிக்கும் ஒருவரை வரையச் சொல்வது ஒரு முறை. லிண்டா கான்ட், கார்மெல்லோ டபோன் என்ற ஆர்ட் தெரபிஸ்ட்கள் இருவரும் அதற்கு 14 அளவுகோல்கள் வகுத்தார்கள். ஆப்பிளுக்கு என்ன அர்த்தம் என்ற கேள்வியே அதில் கிடையாது. எவ்வளவு நிறம், கோட்டில் எவ்வளவு தெம்பு, ஆளும் மரமும் ஒன்றோடொன்று சேர்ந்து நிற்கின்றனவா, பழம் கைக்கு எப்படி வந்தது என்றுதான் பார்க்கிறார்கள். ஏணி வைத்து ஏறலாம், எட்டிப் பறிக்கலாம். சிலர் படத்தில் கை பாதியிலேயே நின்றுவிடும். நிறமும் தெம்பும் மனநிலையைக் காட்டும் என்றால், பழத்தை எட்டிய விதம் யோசனை எப்படி ஓடுகிறது என்பதைக் காட்டும். அதற்காக ஒரே படத்தை வைத்து நோய்க்குப் பெயர் சூட்டிவிட முடியாது.

எனக்குப் பிடித்தது 1978-இல் காகின், லூஸ்பிரிங்க் என்ற இரு ஆர்ட் தெரபிஸ்ட்கள் முன்வைத்த சட்டகம். அதில் படத்தைப் போலவே, அதை வரைகிற விதமும் முக்கியம். ஓடிப் பரவும் வாட்டர் கலர் உணர்ச்சியைக் கிளறும். பென்சில், வெட்டி ஒட்டும் வேலை போன்றவை நிதானமாக யோசிக்க வைக்கும். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுப் போட்டு அழிப்பவரிடம் ஈரத் தூரிகையைக் கொடுத்தால் உறைந்துபோகிறாரா? எல்லா வண்ணத்தையும் குழப்பிச் சேறாக்குபவர், கத்தரிக்கோலைக் கொடுத்ததும் அடங்குகிறாரா? ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு சுலபமாகப் போய் வருகிறார் என்பதைத்தான் கவனிக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் உட்கார வேண்டும், பொறுமையாக. குழுவில் கருத்துச் சொன்னவர்களில் ஒருவர்கூட அவள் வரையும்போது அங்கே இல்லை.

இதையெல்லாம் சித்தப்பாவுக்கு எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதற்குள் அவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார், சூரியனுக்கு எதற்கு இவ்வளவு பெரிய கண் என்று.