ஆல்பம் வரை இழுக்கும் பாக்கி
திருமணப் புகைப்படத் தொழில் பற்றிய கட்டுரையில், "நல்ல கேமரா வாங்கினால் முதல் ஆண்டிலேயே போட்ட பணத்தை எடுத்துவிடலாம்" என்று கட்டுரையாளர் சொல்வது காகிதத்தில் சரி, கைக்கு வராது. மதுரைப் பக்கம் திருமணப் படம் எடுக்கிறேன். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. கேமராக் கடனின் தவணைக்கு ஆடி, மார்கழி தெரியாது. அதைவிடப் பெரிய தலைவலி, ஆல்பம் கொடுத்த பிறகுதான் கைக்கு வரும் பாக்கித் தொகை. பென் டிரைவில் 3,000 படங்களைக் கொடுத்து, ஆல்பத்துக்கு 200 தேர்ந்தெடுங்கள் என்றால், மாப்பிள்ளை துபாய்க்குப் போயிருப்பார். பெண் வீட்டாரோ "அவர் வரட்டும்" என்பார்கள். (வளைகாப்புக்கு அழைக்கும்போதுதான் கல்யாண ஆல்பம் நினைவுக்கு வரும்!) அதே கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் பாதி முன்பணம் வாங்கச் சொல்கிறார். போதாது. படம் எடுக்கும் கூலியைத் தாலி கட்டும் முன்பே முழுதாக வாங்கிவிட்டு, ஆல்பத்துக்குத் தனியாக விலை பேச வேண்டும். நான் அப்படித்தான் செய்கிறேன். சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு ஆளைத் தேடிப் போகிறார்கள், போகட்டும்.