பிசிறு வெட்டிய கைக்கு விபத்து நாள் எது?

என் அக்கா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவில் 14 ஆண்டுகளாக வேலை செய்கிறார். தைத்து வரும் துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறைச் சிறு கத்தரியால் வெட்டுவது அவருடைய வேலை. ஒரு ஷிப்டில் அந்தக் கத்தரியை எத்தனை முறை அழுத்துகிறார் என்று எவரும் எண்ணியதில்லை. சென்ற ஆண்டிலிருந்து வலக்கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் இரவில் மரத்துப்போகின்றன, எழுந்து உட்கார்ந்து கையை உதறினால்தான் உணர்ச்சி திரும்புகிறது. மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது, இதற்குக் கார்பல் டனல் என்று பெயர் என்றார் மருத்துவர்.

இழப்பீடு கேட்கப் போனபோது, விபத்து நடந்த தேதியையும் நேரத்தையும் எழுதச் சொன்னது படிவம். ஊசி விரலில் ஏறியிருந்தால் எழுதியிருக்கலாம். 14 ஆண்டுகளில் எந்த நாளை எழுதுவது? நிர்வாகமோ, வீட்டில் துணி துவைத்ததால் வந்திருக்கும் என்று முடித்துக்கொண்டது.

1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தில் தொழில்நோய்களுக்கென்று மூன்றாம் அட்டவணை இருந்தது; 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அது இருக்கிறது. அதில் இடம்பெற்ற நோய் அதற்குரிய தொழிலில் இருப்பவருக்கு வந்தால், வேலையால் வந்ததாகவே சட்டம் கருதும். இல்லை என்று காட்டுவது முதலாளியின் பொறுப்பு. பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயும் இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மையும் அந்தப் பட்டியலில் உண்டு, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து கெட்டுப்போகும் மணிக்கட்டு இல்லை. பழைய இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) சட்டத்தின் பட்டியலிலும் அது இருந்ததில்லை, புதிய சட்டத்தொகுப்பிலும் இந்தக் குறை அப்படியே தொடர்கிறது. பட்டியலில் இல்லாத நோயென்றால், வேலையில் நேர்ந்த ஒரு குறிப்பிட்ட விபத்தால்தான் வந்தது என்று தொழிலாளியே நிரூபிக்க வேண்டும்.

இது புதிதாகக் கண்டறியப்பட்ட நோயும் அன்று. தந்திக் கருவியைத் தட்டித் தட்டி விரல் இழுத்துக்கொண்ட ஊழியர்களின் நோயை 1908இலேயே பிரிட்டன் இழப்பீட்டுப் பட்டியலில் சேர்த்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில் கார்பல் டனல் பெயரோடு இருக்கிறது. நம் அட்டவணையில் அந்த ஒரு வரியைச் சேர்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

அந்த வரி இல்லாததன் விலையை அக்காதான் கொடுக்கிறார். வேலையால் வந்த தற்காலிக ஊனம் என்று ஏற்றால் இ.எஸ்.ஐ.யில் கூலியில் 90 சதவீதம், ஊனம் நீடிக்கும்வரை கிடைக்கும். சாதாரண நோய் என்றால் 70 சதவீதம், அதுவும் ஆண்டுக்கு 91 நாள்தான்.

கை மரத்துப்போகும் தோழிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முதல் முறை மருத்துவரிடம் போகும்போதே செய்யும் வேலையையும், எத்தனை ஆண்டுகள், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்பதையும் சொல்லிச் சீட்டில் எழுதி வாங்குங்கள். அக்காவின் சீட்டில் "கை வலி" என்று மட்டும் இருக்கிறது.